கிட்டார் கிரேடு 5 முடிஞ்சது: தினமும் உக்காந்து வாசிக்க எனக்கு கைகொடுத்த அந்த ஒரு வரி

ரிசல்ட் வந்துருச்சு. ஏபிஆர்எஸ்எம் (இசைத் தேர்வு நடத்துற பிரிட்டன் போர்டு) கிளாசிக்கல் கிட்டார் கிரேடு 5, 150க்கு 124, மெரிட், அதாவது சாதா பாஸுக்கு ஒரு படி மேல. வேலைக்கும் போயிக்கிட்டு வீட்டையும் பாத்துக்கிட்டு வாசிச்சு வாங்கினதால ரொம்ப நிம்மதியா இருக்கு. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். எக்ஸாம்ல பீஸ் (முழு இசைத் துண்டு), ஸ்கேல் (ஸ்வர வரிசை), சைட் ரீடிங் (முன்னாடி பாக்காத நோட்டேஷனைப் பாத்ததும் வாசிக்கறது), ஆரல் (காதால கேட்டுப் பாடிக் காட்டறது, பதில் சொல்றது) இதெல்லாம் இருக்கும், அதுக்குள்ள விரிவா போகல. தினமும் கிட்டாரை எடுத்து உருப்படியா வாசிக்கறது எப்படி, அது மட்டும்தான் பேச்சு.

எல்லாரும் நேரம் இல்லன்னுதான் சொல்றாங்க, எனக்கு அதுல முழு நம்பிக்கை கிடையாது. நேரம் கிடைக்கும், கிட்டாரும் மடியில இருக்கும், ஆனா எதை வாசிக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்க மாட்டோம், அதனால கை தானா நல்லா வர்ற பீஸோட முதல் எட்டு பாருக்கு (நோட்டேஷன்ல கோடு போட்டுப் பிரிச்ச தாளக் கட்டம்) போயிடும், அதையே திருப்பித் திருப்பி வாசிச்சு அரை மணி நேரம் ஓடிப் போயிடும். கேக்க நல்லா இருக்கும், ஆனா கஷ்டமான இடம் நேத்து இருந்த மாதிரியே இருக்கும். நாள் பூரா உழைச்சுட்டு வந்து உக்காந்து "இன்னைக்கு என்ன வாசிக்கலாம்"னு யோசிச்சா மனசு சுலபமானதைத்தான் எடுக்கும், இல்லன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்னு எழுந்து போயிடும்.

அதனால நான் சொல்றது இதுதான், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்ல. கிட்டாரைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடி, நாளைக்கு முதல்ல எதை வாசிக்கணும்னு ஒரு வரி எழுதி வெச்சுடுங்க. "ரெண்டாவது பீஸ் பாக்கணும்"னு பொத்தாம் பொதுவா எழுதினா பிரயோஜனம் இல்ல. "ரெண்டாவது பீஸ், 14 முதல் 16-வது பார் வரைக்கும், மெட்ரோனோம் 52, கட்டை விரல் இறுகுது" இந்த அளவுக்கு எழுதணும் (மெட்ரோனோம்னா தாளம் தட்டற கருவி, 52னா நிமிஷத்துக்கு 52 தட்டு). வாசிச்சு முடிக்கிற நேரத்துலதான் எங்க தடுக்குது, எந்த விரல் லேட்டா வருதுன்னு துல்லியமா தெரியும், தூங்கி எழுந்தா அது போயிடும். எழுதி வெச்சிருந்தா மறுநாள் யோசனையே வேண்டாம், நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அந்த பாரை வாசிக்க வேண்டியதுதான். ஸ்டாண்டுல நோட்டேஷனுக்கு மேல பென்சிலோட அந்த நோட்டு எப்பவும் இருக்கும், போன்ல எழுதிப் பாத்தா எனக்கு சரிப்படல, போனைத் திறந்தா வேற எங்கயோ போயிடுறோம்.

அந்த 14-வது பார் விஷயத்தையே எடுத்துக்கங்க. ரெண்டாவது ஃப்ரெட்லருந்து (கிட்டார் கழுத்துல குறுக்க இருக்கற உலோகப் பட்டை) ஏழாவதுக்கு ஒரு ஷிஃப்ட், அதாவது இடது கையே நகரணும், மூணாவது ஸ்ட்ரிங்ல ஆள்காட்டி விரலை லேசா வழுக்கிக்கிட்டே போகணும். ஒவ்வொரு தடவையும் ஏழாவதுல சத்தம் கரகரன்னு வரும், விரல் ஃப்ரெட்டுக்கு ரொம்ப பின்னாடியே நின்னுடும். விரலையே பாத்துக்கிட்டிருந்தவரைக்கும் காரணம் புரியல. மெட்ரோனோமை 52ல வெச்சு கழுத்துக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு கவனிச்சா, நாலு விரலும் கிளம்பிடுது, கட்டை விரல் மட்டும் பழைய இடத்துலயே அழுத்திக்கிட்டு நிக்குது. நோட்டுல எழுதினது "கட்டை விரலைத் தளர்த்திட்டு அப்புறம் கிளம்பு", அவ்ளோதான். மறுநாள் முதல் வேலையா அதையே பண்ணி, சில நாள்ல அந்த இடம் சுத்தமா வந்துருச்சு. இது பீஸை முதல்லருந்து கடைசி வரைக்கும் வாசிச்சுக்கிட்டே இருந்தா கண்ணுலயே படாத விஷயம்.

நான் வாசிச்ச வரிசை:

- நோட்டுல இருக்கற வரி. எப்பவும் இதுதான் முதல்ல, பத்து நிமிஷம்.
- சைட் ரீடிங், புதுசா ரெண்டு வரி, ஒரே தடவை. அரை நிமிஷம் பாக்கறது, அப்புறம் நிக்காம வாசிக்கறது. தப்பு வந்தாலும் திரும்பிப் போகக் கூடாது.
- ஸ்கேல். பேரைச் சீட்டுல எழுதிப் போட்டு, எடுக்கறப்ப எது வருதோ அதை வாசிங்க, புக் வரிசையில வாசிச்சுப் பழகினா எக்ஸாமினர் குறுக்க கேக்கறப்ப திணறும். ஐ-எம் (வலது கை ஆள்காட்டி விரலும் நடு விரலும்) மாறி மாறி வருதான்னு பாருங்க, ஸ்ட்ரிங் மாறுற இடத்துலதான் ஒரே விரல் ரெண்டு தடவை வரும்.
- மிச்ச நேரம் இருந்தா ஒரு பீஸ் முழுசா.
- நாளைக்கான வரி.

மொத்தம் முப்பத்தஞ்சு, நாப்பது நிமிஷம். சைட் ரீடிங்குக்கும் 21 மார்க், ஸ்கேலுக்கும் 21 மார்க், ஆனா சைட் ரீடிங்கை யாரும் தினமும் தொடறதில்ல, கடைசி மாசத்துல பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க. அது அப்படி வராதுங்க.

"தினம் ரெண்டு மணி நேரம் இல்லாம இந்த கிரேடு பக்கமே வராதீங்க"ன்னு விவரம் தெரிஞ்ச ஒருத்தரே எங்கிட்ட சொன்னாரு. அதைக் கேட்டு எத்தனை பேரு கிட்டாரை மூட்டை கட்டி வெச்சிருப்பாங்கன்னு நெனச்சா இப்பவும் கோவம் வருது. வேலை, குழந்தைன்னு இருக்கறவங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு எங்க போறது? விடாம வர்ற அரை மணி நேரம் போதும்.

வாசிக்க முடியாத நாள் வரும். அன்னைக்கு நோட்டுல இருக்கற அந்த ஒரு வரியை மட்டும் அஞ்சு நிமிஷம் வாசிச்சுட்டு வெச்சுடுங்க. சுத்தமா விட்டுப்போச்சுன்னா மறுநாள் சேத்து வெச்சு டபுளா வாசிக்க வேண்டாம், மணிக்கட்டு வலிதான் மிச்சமாகும். எனக்கு காலைல யாரும் எழறதுக்கு முன்னாடி வாசிச்சாதான் ஓடும், ராத்திரி ஆளுங்க ராத்திரியே வாசிங்க, ஆனா நேரத்தை மாத்திக்கிட்டே இருக்காதீங்க.

கிட்டார் பையில இருக்கக் கூடாது, வெளில ஸ்டாண்டுல இருக்கட்டும். எக்ஸாமுக்கு முந்தின நாள் ஸ்ட்ரிங் மாத்தாதீங்க, நைலான் இழுத்து நிக்க சில நாள் ஆகும், அதுவரைக்கும் டியூனிங் இறங்கிக்கிட்டே இருக்கும். எக்ஸாம்ல எந்தப் பகுதியை முதல்ல வாசிக்கறதுன்னு நாமளே எக்ஸாமினர்கிட்ட சொல்லலாம், நான் ஸ்கேலை முதல்ல வாங்கிக்கிட்டேன், கை சூடாகி பீஸுக்கு நடுக்கம் குறைஞ்சிருந்துச்சு.

ஆரல்ல 18க்கு 13தான். அதுக்கு கிட்டாரே வேண்டாம், ஆனா தினமும் பாடணும். எக்ஸாம்ல குரல் இனிமைக்கு மார்க் கிடையாது, சுருதி சரியா இருக்கான்னுதான் பாப்பாங்க, அதனால கூச்சப்படாம ஸ்கேல் வாசிக்கறப்பவே கூடவே பாடிக்கிட்டு வாங்க, தனியா நேரம் ஒதுக்கத் தேவையில்ல.