கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை

74 வயதில் தனியாக இருக்கிறேன் என்றால் எல்லோரும் கேட்பது, "பயமா இல்லையா?" என்றுதான். எனக்குத் திருடன் பயம் கிடையாது. கீழே விழுந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. உலகம் முழுக்க விழுந்து உயிரை விடுபவர்களில் 60 தாண்டியவர்களே அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும் நேரம்தான் ஆபத்து. படுத்திருந்தவர்கள் சட்டென்று நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். இளவயதில் ரத்தக்குழாய்கள் உடனே இறுகிச் சமாளித்துவிடும். நம் வயதில் அந்தச் சுறுசுறுப்பு குறைந்துவிடுகிறது. பிரஷர் மாத்திரையும் ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், தலை கிர்ரென்று சுற்றும். அதனால் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் எழுகிறேன். நீர் பிரிய எடுக்கும் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். ராத்திரி எழுவது குறைந்தது.

வெளிச்சமும் முக்கியம். 20 வயதில் விழித்திரைக்குப் போகும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகுமாம். பிள்ளைகளுக்குப் பளிச்சென்று தெரிகிற நடை எனக்கு மங்கல். வழி நெடுக இரவு விளக்கு போட்டு, ஓரம் சுருண்டிருந்த மிதியடியை எடுத்துவிட்டேன்.

கைப்பிடி மாட்டுவதற்குத்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். "டவல் கம்பி இருக்கே, அதைப் பிடிச்சுக்கலாமேம்மா" என்றான் மகன். அந்தக் கம்பி ஈரத்துணியைத் தாங்கத்தான். ஆள் தடுமாறிப் பிடித்தால் ஆணியோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சுவரில் ஆழமாகத் துளை போட்டு, கழிப்பறை பக்கத்தில் கெட்டியான கைப்பிடி மாட்டச் சொன்னேன். உட்கார்ந்து எழ, முழங்காலுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

 

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்பது எங்களுக்குச் சந்தோஷம்தான். கூடவே "பாத்ரூம் பல்பு எரியுதா? எழும்போது தலை சுத்துதா?" என்றும் கேளுங்கள். நாங்களாகச் சொல்ல மாட்டோம். உங்களைக் கவலைப்படுத்த மனசு வராது.

அடுத்த முறை மகன் வரும்போது மேல் அலமாரிப் பாத்திரங்களை எல்லாம் என் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏறி நின்று எடுக்க வைத்திருந்த ஸ்டூலை அவனே எடுத்துக்கொண்டு போகட்டும்.