90டி-யா, 78டி-யா? ஆப்டோமெட்ரி மாணவர் எதை முதலில் வாங்குவது

இறுதியாண்டு கிளினிக்கல் தேர்வு முடிவு வந்துவிட்டது. பாஸ். ஒட்டுமொத்த மதிப்பெண்ணைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, ஆனால் ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் நுண்ணோக்கி) ஸ்டேஷனில் மட்டும் நன்றாகவே வாங்கியிருக்கிறேன். அந்த மதிப்பெண்ணை, ஸ்லிட் லாம்ப்பில் பார்க்கும்போது நோயாளியின் கண்முன் பிடித்து விழித்திரையைக் காட்டும் என் 90டி லென்ஸ் கணக்கில்தான் எழுத வேண்டும். (90டி, 78டி என்பதெல்லாம் டயாப்டரில் லென்ஸின் திறன்.) அதனால் "அக்கா, எந்த லென்ஸ் வாங்கறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஜூனியர்களுக்கு இதை எழுதிவிடுகிறேன்.

சீனியர்களிடம் கேட்டால் பாதிப் பேர் அகலப் பார்வை லென்ஸ் வாங்கச் சொல்வார்கள். சூப்பர்ஃபீல்டு, டிஜிட்டல் வைட்ஃபீல்டு வகையறா. நல்ல லென்ஸ்கள்தான். ஆனால் பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனில் படிப்பவர்களுக்குச் சொல்லும் ஆலோசனை அது இல்லை. எங்கள் வளாகத்துக்கு வந்த ஒரு விற்பனையாளர் இன்னும் ஒருபடி மேலே போய், பெட்டியோடு 'முழு செட்' எடுத்தால்தான் தள்ளுபடி என்றார். அந்த செட்டில் பாதிப் பொருள் கிளினிக் அலமாரியிலேயே சும்மா கிடக்கிறது. தேர்வுக்கு முந்தைய செமஸ்டரில் எல்லாருக்கும் ஒரு பயம் இருக்குமே, அதை வைத்துத்தான் இந்த வியாபாரம். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் யாருடைய கண்ணைப் பார்க்கப் போகிறீர்கள்?

எனக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட். பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊர். இங்கே கண் முகாம் போட்டால் வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த தாத்தா பாட்டிகள். வெயிலிலேயே காலம் கழித்ததால் வெள்ளைவிழியில் சதை வளர்ந்திருக்கும். புரை இருக்கும். அதோடு இனிப்புநீர். நாட்டின் 2019 சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். வயது ஏறினாலும் கண்பாப்பா சுருங்கும், நீரிழிவு இருந்தாலும் சுருங்கும். முகாமில் எல்லாருக்கும் மருந்து விட்டு விரிக்கவும் முடியாது. அந்தச் சின்னப் பாப்பா வழியாக உள்ளே பார்க்க 90டி-தான் கைகொடுக்கும். வளையமும் சிறியது, தொங்கிய இமையைத் தூக்கிப் பிடித்தபடியே ஒரு கையால் சமாளிக்கலாம்.

கணக்கு தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். வோல்க்கின் வழக்கமான 90டி 0.76 மடங்குதான் காட்டும், பார்வைப்புலம் 74 பாகை. 78டி 0.93 மடங்கு, 81 பாகை. கண்ணிலிருந்து லென்ஸ் நிற்கும் தூரம் முன்னதற்கு 7 மில்லிமீட்டர், பின்னதற்கு 8. எண்களை மட்டும் பார்த்தால் 78டி ஜெயிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கண்பாப்பா நன்றாக விரிந்திருந்தால் டிஸ்க்கையும் (விழித்திரையில் பார்வை நரம்பு தெரியும் வட்டம்) மாக்குலாவையும் (விழித்திரையின் மையப்பகுதி) அது அழகாகக் காட்டும். நீங்கள் பொறுமைசாலி, வரப்போகும் நோயாளிகள் இளைஞர்கள், நகரத்து மருத்துவமனையில் வேலை என்றால் 78டி வாங்குங்கள், சண்டைக்கு வரமாட்டேன். எனக்குப் பிம்பம் உடனே கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கை நடுங்கும்.

இப்போது முக்கியமான விஷயம். இதை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டாலும் சரி.

எந்த லென்ஸ் வாங்கினாலும் டிஸ்க்கை அளக்க உதவும் அதன் பெருக்கல் எண்ணைப் பெட்டி மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். 60டி-க்கு ஏறத்தாழ 0.9, 78டி-க்கு 1.1, 90டி-க்கு 1.3. ஸ்லிட் ஒளியை நேராக வைத்து, அதன் உயரத்தை டிஸ்க்கின் உயரம் வரை குறைத்து, அளவுகோலில் வரும் எண்ணை இதால் பெருக்கினால் டிஸ்க்கின் உண்மையான அளவு. ஓரத்தில் தெரியும் வெள்ளை வளையத்தைச் சேர்த்து அளக்கக் கூடாது.

தேர்வில் எனக்கு வந்தவர் ஒரு வயதான பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்). மருந்து விட்டு விரித்திருந்தார்கள். கப் (டிஸ்க்கின் நடுவில் உள்ள குழி) பெரியது, செங்குத்தாக டிஸ்க்கில் 0.65 பங்கு இருக்கும், இரண்டு கண்ணிலும் அப்படியே. பார்த்ததும் வாயில் வருவது குளுக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) என்ற சொல்தான். நான் முதலில் அளந்தேன். அளவுகோலில் 1.8. 1.3-ஆல் பெருக்கினால் 2.3 மில்லிமீட்டர். 2.2-க்கு மேல் போனால் பெரிய டிஸ்க், பெரிய டிஸ்க்கில் கப்பும் இயல்பாகவே பெரிதாக இருக்கும். கப்பைச் சுற்றிய விளிம்பைப் பார்த்தேன்: கீழே அதிகத் தடிப்பு, அடுத்து மேலே, பிறகு மூக்குப் பக்கம், நெற்றிப்பொட்டுப் பக்கம் மெலிவு. இயல்பான டிஸ்க்கின் வரிசை இது, கலையவில்லை. "பெரிய டிஸ்க், இயல்பான கப்பாக இருக்கவே வாய்ப்பு. ஆனாலும் கண் அழுத்தமும் பார்வைப்புலமும் பார்க்காமல் அனுப்பமாட்டேன்" என்றேன்.

உடனே லெக்சரர், "இதே கண்ணை 78டி-யில் பார்த்திருந்தால் அளவுகோல் என்ன காட்டியிருக்கும்?" என்றார். 2.3-ஐ 1.1-ஆல் வகுத்து 2.1 என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு வேறு கேள்வி போடவில்லை.

அடுத்தவர் லென்ஸோடு தேர்வுக்குப் போகாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான். உங்கள் கண்ணுக்கு ஒரு லென்ஸின் 'சாதாரண டிஸ்க்' பழகியிருக்கும். வேறு லென்ஸில் அதே டிஸ்க் வேறு அளவில் தெரியும். பதற்றத்தில் மூளை கணக்குப் போடாது.

இன்னொன்று, பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும் அல்லவா? படம் வரையும் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்ததைப் பார்த்தபடியே வரையுங்கள். தாளை நேராக்கினால் படமும் நேராகிவிடும்.

சரி, ரெட்டினோஸ்கோப். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, கண்ணாடிப் பவரைக் கண்டுபிடிக்கும் கைக்கருவி. உண்மையில் கையில் ஒன்றுக்கு மட்டும் காசு இருந்தால் லென்ஸைத் தள்ளிவைத்து இதைத்தான் வாங்க வேண்டும். லென்ஸுக்கு ஸ்லிட் லாம்ப் வேண்டும், அது கிளினிக்கில்தான் இருக்கிறது. ரெட்டினோஸ்கோப் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் சித்தப்பாதான் என் நிரந்தர நோயாளி. "ஏம்மா, இப்படியே வெளிச்சம் அடிச்சா கண்ணு போயிடாதா?" என்பார், ஆனால் சீரியலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். பார்வை தூரத்தில் நிலைத்திருக்க வேண்டும், எனக்கும் அதுதானே வேண்டும். டிவி 3 மீட்டர் தூரத்தில் இருந்தால் 0.33 டயாப்டர் அளவுக்குக் கண் ஃபோகஸ் செய்துகொண்டிருக்கும். பயிற்சிக்குப் பரவாயில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

ஸ்ட்ரீக் (ஒளி கோடாக விழும்) வகை மட்டும்.

கைப்பிடி 3.5 வோல்ட், திரும்பச் சார்ஜ் செய்வது. 2.5 வோல்ட் மலிவு, ஆனால் புரை விழுந்த கண்ணில் ஒளி போதாது.

ஹாலஜன் என்றால் கூடுதல் பல்பு ஒன்று பையில் எப்போதும். எல்.இ.டி. என்றால் அந்தத் தலைவலி இல்லை.

ஸ்லீவ் (கைப்பிடியில் மேலும் கீழும் நகரும் உறை) மேலே இருந்தால் எந்த ஒளி, கீழே இருந்தால் எந்த ஒளி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கல்லூரியில் பழகிய அதே வகையை வாங்குங்கள்.

கை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நோயாளியின் கண்ணிலிருந்து நாம் நிற்கும் தூரத்துக்கு ஏற்ப, கிடைத்த பவரில் 67 சென்டிமீட்டருக்கு 1.50 டயாப்டர் கழிக்கச் சொல்வார்கள். எனக்குக் கை குட்டை, 50 சென்டிமீட்டரில் 2.00 கழிக்கிறேன். யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

சில்லறைச் சாமான்கள்: பி.டி. ரூலர் (கண்பாப்பாக்களின் இடைவெளியை அளக்க), பென் டார்ச், பின்ஹோலோடு ஆக்லூடர் (ஒரு கண்ணை மறைக்க), ±0.25 கிராஸ் சிலிண்டர், ±2.00 ஃபிளிப்பர். இவை போதும். பிரிசம் பார், இஷிஹாரா புத்தகம் (நிறப் பார்வைக்கு), டி.என்.ஓ. (ஆழப் பார்வைக்கு) எல்லாம் கிளினிக்கில் இருக்கும், வாங்காதீர்கள். டைரக்ட் ஆஃப்தால்மாஸ்கோப்பும் அப்படித்தான். ஃபிக்ஸேஷன் குச்சிக்கு ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும்போது கடையில் வாங்கியதைவிட அதைத்தான் உற்றுப் பார்த்தார்கள்.

பழையது வாங்குவதில் தவறில்லை. என் 90டி-யே வேலைக்குப் போய்விட்ட ஓர் அக்காவிடம் வாங்கியதுதான். புதிதாக வாங்கியிருந்தால் அம்மாவின் ஒரு மாதத் தோட்டச் சம்பளத்தில் பெரும்பங்கு போயிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கீறல் இருந்தால் பரவாயில்லை, நடுவில் இருந்தால் வேண்டாம். மேல்பூச்சு திட்டுத்திட்டாக உரிந்திருந்தாலும் வேண்டாம், ஒளி சிதறும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியிலும் பூஞ்சை பிடிக்கும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பிறகு பஞ்சு உதிராத துணி. சட்டை நுனியால் துடைக்கிறவர்களைக் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

20டி லென்ஸ் பற்றியும் கேட்கிறீர்கள். தலையில் மாட்டும் பைனாக்குலர் கருவி சொந்தமாக இல்லாதவரை அந்த லென்ஸ் அலமாரியில்தான் தூங்கும். கிளினிக் 20டி-யிலேயே பழகுங்கள், வெள்ளி வளையம் நோயாளி பக்கம் இருக்கட்டும். வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.