அப்பிச்சியின் தேக்கு அலமாரியைச் சுத்தம் செய்த அனுபவம்

பழைய மரச்சாமான் கைக்கு வந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வார்னிஷ் அடித்துவிடுவதே பொள்ளாச்சிப் பக்கம் பலருக்கும் வழக்கம். அப்பிச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், தேக்கு அலமாரி என் பங்குக்கு வந்தபோது அப்படிச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. அது ஆனைமலைத் தேக்கு என்று அவர் பெருமையாகச் சொல்வார்; வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலையிலிருந்து சரித்து இறக்கிய டாப்சிலிப் பக்கத்திலேயே இருப்பதால், அது எனக்கு நம்பும்படியாகவே இருந்தது.

நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டில், சமையலறையை ஒட்டிய ஆசாரத்தில் (கூடத்தில்) நின்ற அலமாரி அது. விறகடுப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, மரத்தின் ரேகையே தெரியாதபடி கறுத்திருந்தது. எதையும் தொடுவதற்கு முன் மேற்பூச்சு எதுவென்று அறிய வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்து மெதுவாகத் தேய்த்தேன். இடம் பிசுபிசுத்து, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறியது. ஆகவே அது ஸ்பிரிட்டில் கரையும் அரக்குப் (ஷெல்லாக்) பாலிஷ். இக்காலத்துப் பாலியூரித்தேன் பூச்சு ஸ்பிரிட்டுக்கு அசையாது. புதிதாகப் போடும் அரக்கு பழைய அரக்கைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றிவிடும் என்பதால், சுரண்ட வேண்டிய தேவையே இல்லை. உதவிக்கு வந்த ஆசாரியும் அலமாரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வைரம் பாஞ்ச மரமுங்க, சுரண்டிப்போடாதீங்க" என்றார்.

புகைப் பிசுக்குக்கு டர்பன்டைன் தொட்ட பருத்தித் துணியே போதுமானதாக இருந்தது. துணி கறுக்கக் கறுக்க மாற்றி, ரேகை ஓடும் திசையிலேயே துடைக்கத் துடைக்க, அடியிலிருந்த தேன் நிறம் கொஞ்சங்கொஞ்சமாக வெளிப்பட்டது. பித்தளைக் கைப்பிடிகளைக் கழற்றிய பிறகே புளி போட்டுத் தேய்த்தேன். புளித்தண்ணீர் மரத்தில் படக் கூடாது.

பின்பலகை மட்டும் மாமரம். அதில் குண்டூசித் தலையளவு துளைகள் இருந்தன. துளை இருப்பதாலேயே வண்டு உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. அடியில் கறுப்புத் தாளை விரித்து வைத்துச் சில நாள் கழித்துப் பார்த்தபோது, அரிசி மாவு போல வெள்ளைத் தூள் விழுந்திருந்தது; வண்டு உள்ளே இன்னும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆசாரி ஊசியால் ஒவ்வொரு துளையிலும் மருந்து செலுத்தி, பிறகு மெழுகால் அடைத்தார்.

பாலிஷ் வேலையை மாசியில் வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. ஈரக் காற்றில் அரக்கு வெளுத்துப் பனிபடர்ந்தாற்போல் ஆகிவிடும்; ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் இந்த வேலைக்கு ஆகாது. அரக்கை இரும்புப் பாத்திரத்தில் ஊற வைத்தால் நிறம் கறுக்கும் என்பதால் கண்ணாடிப் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றிக் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை போட்டார் ஆசாரி. ஒரே தடவையில் கனமாகப் பூசினால் அது நிற்காது.

இப்போது அலமாரியின் கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டுகள் வைத்திருக்கிறேன். தரையை ஈரத்துணியால் துடைக்கும்போது கால்கள் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் பல வீடுகளில் நல்ல மரமும் அடியிலிருந்து இற்றுப்போகிறது.