மாதுமையாளுக்கு அம்மம்மாவின் பட்டு

அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் வார்த்துக்கொண்ட மறுநாளே திருகோணமலைக் கோணேசரிடம் போனோம். கனடா மாமாமார், லண்டன் சின்னம்மா, அம்மா என்று ஆறு பிள்ளைகளும் ஊரில் ஒன்றாய் நின்றது 1990 இடப்பெயர்வுக்குப் பிறகு இப்போதுதான். “ஆறு பேரும் உன்ர வாசலில ஒண்டா நிண்டால் மாதுமைக்குப் பட்டுச் சாத்துவன்” என்று கோணேசரிடம் அம்மம்மா அந்த வருசம் வைத்த நேர்த்தி. மாதுமை அங்கத்தைய அம்பாள். பட்டை எப்போதோ வாங்கிவிட்டா. வருசா வருசம் வெயிலில் உலர்த்தி, பூச்சி உருண்டை போட்டு, திரும்பவும் டிரங்குப் பெட்டிக்குள் வைப்பா. “இப்பவே சாத்துவமே அம்மா” என்றால், “எல்லாரும் வரட்டும்.”

கோயில் இருக்கிற கோட்டையின் வாசலில் இருந்தே சனம். பள்ளிக்கூட விடுமுறை, சாமி கும்பிட வந்தவர்களைவிட இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவில் படம் எடுக்க வந்தவர்கள் அதிகம். அருச்சனைத் தட்டு விற்கிறவர் கையைப் பிடித்து இழுக்காத குறை, விலையோ இரட்டிப்பு. இந்தக் கரைச்சலுக்குள் மான் ஒன்று வந்து பையில் இருந்த வில்வத்தை உருவித் தின்றுவிட்டது. அம்மம்மா நின்றிருந்தால், “அதுவும் அவற்ற பிள்ளைதானே” என்று மிச்சத்தையும் கொடுத்திருப்பா.

94 வயது மனுசி. 1950இல் கிணறு வெட்டிய இடத்தில் கோணேசர் கோயிலின் பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்டபோது குமர்ப்பிள்ளை. 1963 கும்பாபிஷேகத்துக்குக் கைக்குழந்தையோடு மலையேறியவ. கடைசி நாட்களில் எங்கள் பெயர்கள் மறந்தாலும் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் பிசகவில்லை.

அம்பாள் சந்நிதியில் ஐயர் “பேர், நட்சத்திரம்?” என்றார். பெரிய மாமா வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். தன் நட்சத்திரமே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னது அம்மம்மாதானே, நாங்கள் யார் கேட்டு வைத்தோம்? ஐயர் பட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “நீங்கள் அவவின்ர பிள்ளையளோ? எனக்குப் பாடம்” என்றுவிட்டுத் தொடங்கினார். பெரிய மாமா சுவாதி. அம்மா ரோகிணி. ஆறு பேர், மருமக்கள், பேரர், நான், ரொறன்ரோவில் போன வருசம் பிறந்த பூட்டப்பிள்ளை வரை. சின்னம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதா. திரை விலகியபோது அரக்குப் பட்டில் மாதுமையாள். மடிப்புத் தழும்பு குறுக்கே அப்படியே தெரிந்தது.

தாயே, வேறென்ன கேட்க? ஷெல்லடிக்குள்ளும் சுனாமிக்குள்ளும் எங்களைக் காத்தாய், அவவை இத்தனை காலம் எங்களோடு விட்டு வைத்தாய். கோடி புண்ணியம்.

விபூதி வாங்கும்போது அம்மா ஐயரிடம் மெல்லச் சொன்னா: “சின்னத்தம்பி அத்தமில்லை ஐயா, சித்திரை. வாற வெள்ளிக்கிழமை நான் வந்து சொல்லுறன்.”