பார்கோடு ஸ்கேன் செய்து வீட்டு சிடி, டிவிடித் தொகுப்புக்குப் பட்டியல் போட்ட விதம்

சிடி, டிவிடி, புளூ-ரே, எல்பி (வினைல் இசைத்தட்டு) நான்கும் கலந்த ஒரு வீட்டுத் தொகுப்புக்கு முழுப் பட்டியல் போடும் வேலை இது. முதல் மூன்றும் முடிந்துவிட்டன. எல்பி பாதியில் நிற்கிறது. எது சரிவந்தது, எங்கே சிக்கியது, ஏன் சிக்கியது என்பதை வேலை நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பார்கோடு காட்டுவது "இது இன்ன சரக்கு" என்பதை மட்டும்தான். கையில் இருப்பது எந்த ஆண்டின் பதிப்பு, எந்த ஆலையில் அடித்த தட்டு என்பது அந்தக் கோடுகளில் இல்லை. தட்டை வெளியே எடுத்துப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய முடியும். நேரத்தில் பெரும்பகுதி போவதும் அதற்குத்தான்.

முதலில் சொந்த எண்

ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு பெட்டிக்கும் நம்முடைய எண் ஒன்று வேண்டும். ஒரே ஆல்பம் இரண்டு பிரதி இருந்தால் பார்கோடு இரண்டிலும் ஒன்றே; எந்தப் பிரதியில் கீறல் இருக்கிறது என்று பட்டியலில் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. இங்கே வைத்துக்கொண்டது ஆறு இலக்க எண். முதல் இலக்கம் வகை: 1 சிடி, 2 டிவிடி, 3 புளூ-ரே, 4 எல்பி. மீதி ஐந்தும் வரிசை எண். அலமாரித் தட்டுகளுக்கு நான்கு இலக்கம்: அலமாரிக்கு இரண்டு, தட்டுக்கு இரண்டு.

இந்த இலக்கக் கணக்குக்குக் காரணம் உண்டு. ஸ்கேன் ஆன எண் நான்கு இலக்கமா, அது அலமாரித் தட்டு. ஆறா, நம் எண். பன்னிரண்டோ பதின்மூன்றோ என்றால் கம்பெனி போட்ட பார்கோடு. நீளத்தை வைத்தே பட்டியல் போடும் நிரல் இனம் கண்டுகொள்கிறது, விசைப்பலகையைத் தொடவே வேண்டாம். எட்டு இலக்கத்தைத் தவிர்த்தது இஏஎன்-8 என்ற குட்டி பார்கோடும் எட்டு இலக்கம் என்பதால். லேபிள்களை கோட் 128 என்ற பார்கோடு வகையில் அச்சிட்டால், இரட்டைப்படை நீளமுள்ள எண்கள் இரண்டிரண்டு இலக்கமாகச் சுருங்கும். ஒல்லியான முதுகுப் பக்கத்திலும் அடங்கிவிடும்.

எழுத்தே சேர்க்காமல் எண்ணாக மட்டும் வைத்தால் இன்னொரு தொல்லையும் இல்லை. யுஎஸ்பி ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகையாகத்தான் தெரியும். கணினியில் தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது ஆங்கில எழுத்து கலந்த லேபிளை ஸ்கேன் செய்தால் தமிழ் எழுத்துகள் வந்து விழும். எதற்கும் ஸ்கேன் தொடங்குமுன் ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

லேபிளைத் தட்டின் மேல் ஒருபோதும் ஒட்டக்கூடாது. சிடியின் மொத்தத் தடிமன் 1.2 மி.மீ.; தரவு இருக்கும் அலுமினியப் படலமோ அச்சிட்ட பக்கத்துக்கு அடியிலேயே, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. ஒட்டிய லேபிளை உரித்தால் படலமும் கூடவே வரும். டிவிடியில் தரவு இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த ஆபத்து குறைவு, ஆனால் லேபிளின் எடை சுழற்சியைத் தடுமாற வைக்கும். ஆகவே லேபிள் பெட்டிக்கு மட்டும். பெட்டி உடைந்து மாற்ற நேர்ந்தால் எண் தொலையாமலிருக்க, அதே எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே புத்தகத்தாளுக்குப் பின்னால் செருகிவிட வேண்டும்.

பார்கோடு படிக்காத பெட்டிகள்

போன் கேமராவே போதும் என்று தோன்றும். சிறிய தொகுப்புக்குப் போதும்தான். பெட்டிகள் சில நூறைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் ஆகக் காத்திருப்பதே கையைச் சோர்வாக்கிவிடும். மேசையில் ஸ்டாண்டில் நிற்கும் யுஎஸ்பி ஸ்கேனர் அங்கே பல மடங்கு வேகம். பழைய லேசர் வகையைவிட, படம் எடுத்துப் படிக்கும் 2டி வகை இந்த வேலைக்கு ஏற்றது. கோணலாகக் காட்டினாலும் படிக்கும், போன் திரையில் தெரியும் பார்கோடையும் படிக்கும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் தானாக என்டர் தட்டும்படி, கையேட்டில் உள்ள அமைப்புக் கோட்டை ஒருமுறை ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

படிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பெட்டியின் பளபளப்பு. ஸ்கேனரின் ஒளி நேராகத் திரும்பி வந்து அதன் கண்ணையே கூசச் செய்கிறது. பெட்டியைப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தலைக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் அதை அணைத்துப் பார்க்கலாம். பிரிக்காத பிளாஸ்டிக் உறையில் சுருக்கம் கோடுகளின் மேலேயே விழுந்திருந்தால், விரலால் இழுத்துப் பிடித்தால் போதும்.

அடுத்தது நிறம். சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்கு, வெள்ளைத் தாளில் சிவப்பில் அச்சிட்ட கோடுகள் இருப்பதே தெரியாது. இரண்டும் அதற்கு ஒரே வெளிச்சம். சிவப்புப் பின்னணியில் கறுப்புக் கோடு இருந்தால் எந்தத் தடையும் இல்லை. இசை உறைகளை வடிவமைப்பவர்கள் பார்கோடையும் படத்தோடு ஒட்டிப்போக வேண்டும் என்று வெள்ளிப் பூச்சிலும், கறுப்பின் மேல் வெள்ளையாகவும் அச்சிட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவற்றில் போன் கேமரா சில நேரம் ஜெயிக்கும். இல்லையென்றால் எண்ணைக் கையால் தட்டுவதுதான் வழி.

அளவும் இடம் விடுதலும் மூன்றாவது காரணம். இஏஎன்-13 என்ற பதின்மூன்று இலக்கப் பார்கோடின் இயல்பான அளவு 37.29 மி.மீ. அகலம், மிக மெல்லிய கோடு 0.33 மி.மீ. இடப்பக்கம் அந்த மெல்லிய கோட்டைப் போல் 11 மடங்கும் வலப்பக்கம் 7 மடங்கும் வெற்றிடம் இருக்க வேண்டும். பழைய விலைச்சீட்டு அந்த வெற்றிடத்தைத் தின்றிருந்தால் கோடுகள் அத்தனையும் பளிச்சென்று தெரிந்தாலும் ஸ்கேனர் மௌனம் காக்கும். சீட்டின் ஓரத்தை உரித்தால் உடனே படித்துவிடும்.

கையால் தட்டும் எண்களுக்குச் சோதனை இலக்கம் காவல். பதின்மூன்று இலக்கத்தில் முதல் பன்னிரண்டை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டலை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம். 890123456789 என்பதற்குக் கூட்டல் 130 வரும், ஆக கடைசி இலக்கம் 0. எந்த ஒற்றை இலக்கம் தவறினாலும் இது பிடித்துவிடும். அருகருகே உள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும், அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தாலொழிய. 1-ம் 6-ம், 2-ம் 7-ம் இடம் மாறினால் இந்தக் கணக்குக்குத் தெரியாது. ஆகவே கையால் தட்டியவற்றுக்குப் பட்டியலில் ஒரு குறி போட்டு வைத்து, தேடலில் வரும் தலைப்போடு கண்ணாலும் ஒப்பிட வேண்டும்.

முன்னால் நிற்கும் பூஜ்யம்

யுபிசி-ஏ என்ற பன்னிரண்டு இலக்க எண்ணும் இஏஎன்-13-ம் ஒரே குடும்பம். பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் வைத்தால் அது பதின்மூன்றாகிவிடும். ஒரு ஸ்கேனர் பூஜ்யத்தோடு அனுப்பும், இன்னொன்று இல்லாமல் அனுப்பும், போன் செயலி வேறு மாதிரி எழுதும். இதைக் கவனிக்காவிட்டால் ஒரே பெட்டி பட்டியலில் இரண்டு முறை ஏறும். தரவுத்தளத்தில் தேடினால் "இல்லை" என்று பதில் வரும். வழி எளிது: எல்லாவற்றையும் பதின்மூன்று இலக்கமாகவே சேமித்து, தேடும்போது பூஜ்யத்தோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை கேட்க வேண்டும்.

எக்செலில் நேரடியாக ஸ்கேன் செய்பவர்கள் அந்த நெடுவரிசையை முதலிலேயே "உரை" வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். எண்ணாக விட்டால் முன்பூஜ்யம் காணாமல் போகும், நீளமான எண் அடுக்குக்குறி வடிவில் சுருங்கித் தெரியும். அந்தச் சுருங்கிய வடிவத்திலேயே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போயே போய்விடும்.

முதல் மூன்று இலக்கத்தை வைத்து நாட்டை முடிவுகட்டுவதும் சரியல்ல. 890 என்று தொடங்கினால் அந்தக் கம்பெனி, பார்கோடு எண்களை ஒதுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளையில் பதிந்திருக்கிறது என்று பொருள். தட்டு எங்கே அடிக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. 45, 49 ஜப்பானுக்கும் 50 பிரிட்டனுக்கும் இதே கதைதான்.

ஒரே பார்கோடு, பல பதிப்புகள்

இசைக்கு இரண்டு தரவுத்தளங்கள் போதும்: டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ். நிரல் எழுதிக் கேட்பவர்கள் வேகக் கட்டுப்பாட்டை மதிக்க வேண்டும். மியூசிக்பிரெய்ன்ஸ் நொடிக்கு ஒரு கேள்விதான் அனுமதிக்கும். டிஸ்காக்ஸ் உள்நுழைந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 60. வேகம் மீறினால் பதில் மறுக்கப்படும். மறுப்பை "ஆல்பம் இல்லை" என்று நிரல் எழுதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நன்றாக விற்ற ஒரு ஆல்பத்தின் பார்கோடை டிஸ்காக்ஸில் கேட்டால் நீளமான பட்டியல் வரும். நாடு வேறு, ஆலை வேறு, ஆண்டு வேறு. பார்கோடு மட்டும் ஒன்று. செயலி மேலே காட்டும் முதல் பதிப்பைத் தட்டிவிட்டுப் போனால் பட்டியல் பார்க்க அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. இங்கேதான் தட்டைத் திருப்ப வேண்டும்.

சிடியின் அடிப்பக்கம், நடுத் துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் பொடி எழுத்துகள் இருக்கும். டார்ச்சை ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, தட்டை மெல்லச் சுழற்றினால் தெரியும். தட்டு அடிக்கும் மூல அச்சைக் குறிக்கும் மேட்ரிக்ஸ் எண் ஒன்று. 1994-ல் அறிமுகமான ஐஎஃப்பிஐ (ஒலிப்பதிவு நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) குறிகள் இரண்டு: 'எல்' எழுத்தில் தொடங்குவது மாஸ்டரிங் (மூல அச்சு தயாரிப்பு) செய்த இடம், மற்றது வார்ப்பு அச்சு. இரண்டாவது, ஒளிபுகும் பிளாஸ்டிக் பகுதியில் இருப்பதால் எளிதில் கண்ணுக்குத் தப்பும். தரவுத்தளத்தில் 1988 என்றுள்ள பதிப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், தட்டிலோ ஐஎஃப்பிஐ குறி இருக்கிறது என்றால் அது பிற்பாடு அடித்த தட்டு. உறையில் வட்டத்துக்குள் 'பி' போட்டு அச்சிட்ட ஆண்டை நம்பவே கூடாது. அது ஒலிப்பதிவின் உரிமை ஆண்டு, மறுபதிப்பிலும் அப்படியே தொடரும்.

வளையத்தைப் பார்க்கும் அதே நேரத்தில் தட்டின் உடல்நிலையையும் பார்த்துவிட வேண்டும். 1988 முதல் 1993 வரை பிரிட்டனில் பிளாக்பர்ன் நகரிலிருந்த பிடிஓ ஆலையில் அடித்த சிடிகளில் சில ஓரத்திலிருந்து உள்நோக்கி வெண்கல நிறமாகி வீணாகும். வளையத்தில் பிடிஓ என்ற பெயரோடு ஓரத்தில் பழுப்பும் தெரிந்தால், பட்டியலை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கணினியின் வன்வட்டில் நகலெடுத்துவிடுங்கள். பட்டியல் காத்திருக்கும், அந்தத் தட்டு காத்திருக்காது.

பல சிடி அடங்கிய பெட்டித் தொகுப்புக்கு வெளியே ஒரு பார்கோடு, உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பார்கோடு என்று இருக்கலாம். பதிவது வெளி எண்ணை. உள்ளே இருப்பவை அதன் பிள்ளைகளாக, அதே சொந்த எண்ணோடு. ஜப்பானியப் பதிப்புகளில் பார்கோடு பெரும்பாலும் முதுகைச் சுற்றிய 'ஓபி' என்ற காகிதப் பட்டையில் இருக்கும். பட்டை தொலைந்திருந்தால் முதுகில் உள்ள கேட்டலாக் எண்ணை (ஆல்பத்துக்கு இசைக் கம்பெனி தரும் எண்) கொண்டு தேட வேண்டியதுதான்.

பார்கோடே இல்லாத சிடி

உறை மாறியது, பார்கோடில் துளை போட்டது, ஆரம்ப ஆண்டுகளில் வந்தது என்று எப்போதும் ஒரு கூட்டம் மிஞ்சும். கணினியின் டிரைவில் போட்டால் வழி பிறக்கிறது. சிடியில் ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் இடம் நொடிக்கு 75 கட்டம் என்ற கணக்கில் தட்டின் உள்ளடக்க அட்டவணையில் பதிந்திருக்கும். மியூசிக்பிரெய்ன்ஸ் அந்த எண்களிலிருந்து 28 எழுத்துள்ள தட்டு அடையாளம் ஒன்றைக் கணக்கிட்டு ஆல்பத்தைக் கண்டுபிடிக்கிறது. அவர்களுடைய பிகார்ட் மென்பொருளில் இதற்கு ஒரே சொடுக்கு. சில தட்டுகளில் பதின்மூன்று இலக்கப் பார்கோடு எண்ணே எம்சிஎன் என்ற பெயரில் உள்ளே பதிந்திருக்கும். பலவற்றில் அந்த இடம் காலி, அல்லது வெறும் பூஜ்யங்கள். கிடைத்தால் லாபம்.

படங்கள்

இங்கே பார்கோடின் பயன் குறைவு. டிஎம்டிபி போன்ற திரைப்படத் தரவுத்தளம் படத்தைப் பற்றியது, பெட்டியைப் பற்றியது அல்ல. பார்கோடால் தேட அங்கே வழி இல்லை. சிஎல்இசட் மூவீஸ் போல, பார்கோடுகளைத் தாமே சேர்த்து வைத்திருக்கும் செயலிகள் உதவும். பொதுவான சரக்குப் பட்டியல்களில் கேட்டால் தலைப்போடு "அகலத்திரை", "இரண்டு தட்டு", "சிறப்புப் பதிப்பு" எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைக் கழித்துவிட்டுத் தலைப்பும் ஆண்டும் மட்டும் கொடுத்துத் தேட வேண்டும். ஆண்டு இல்லாமல் தேடினால் அதே பெயரில் வந்த வேறு படம் வந்து உட்கார்ந்துவிடும். எந்தப் பகுதியில் விற்ற கருவியில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியைக் (டிவிடிக்கு எண், புளூ-ரேக்கு ஏ, பி, சி) கட்டாயம் பதிய வேண்டும். ஓடாத தட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். வசன எழுத்தின் மொழிகளை உறையைப் பார்த்து எழுதாமல் தட்டைப் போட்டுப் பார்த்து எழுதுவதே நம்பகமானது.

தமிழ்ப் பெயர்களும் சேமிப்பும்

தமிழ் ஆல்பங்களில் ஒரே கலைஞரின் பெயர் ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு உறையிலும் ஒவ்வொரு மாதிரி. இரண்டு நெடுவரிசை வைத்தால் தீரும்: உறையில் உள்ளபடி ஒன்று, தமிழில் ஒரே சீரான வடிவம் மற்றொன்று. தேடுவதும் வரிசைப்படுத்துவதும் இரண்டாவதில். சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறக்கும்போது தமிழ் குப்பையாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிடவில்லை. தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளக் குறியுடன் யுடிஎஃப்-8 எழுத்துமுறையில் சேமித்தால் சரியாகத் திறக்கும்.

எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும், ஒவ்வொரு அலமாரி முடிந்ததும் முழுப் பட்டியலையும் சிஎஸ்வியாக இறக்கி இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். இறக்கிய கோப்பில் சொந்த எண்ணும் அலமாரி எண்ணும் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். செயலியில் நாமாகச் சேர்த்த புலங்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் சில செயலிகள் வெளியே தரும்.

சரிபார்ப்புக்கு அலமாரித் தட்டின் லேபிளை ஸ்கேன் செய்து, பிறகு அதிலுள்ள பெட்டிகளின் சொந்த எண்களை வரிசையாக ஸ்கேன் செய்தால், இடம் மாறியவையும் காணாமல் போனவையும் உடனே தெரியும். சாதாரண சிடிப் பெட்டி 10.4 மி.மீ. தடிமன், ஒரு மீட்டர் நீள அலமாரித் தட்டில் 96 அடங்கும். புதியவை வரும் என்பதால் 80-க்கு மேல் அடுக்காமல் விட்டால், ஒன்றைச் செருக எல்லாவற்றையும் நகர்த்தி அலமாரி எண்களைத் திருத்தும் வேலை மிச்சம்.

எல்பியில் பழையவை பலவற்றுக்குப் பார்கோடு கிடையாது. இசைத்தட்டின் நடுவிலுள்ள கம்பெனி லேபிளில் உள்ள கேட்டலாக் எண், கடைசிப் பாட்டு முடிந்ததும் வரும் வெற்றுப் பகுதியில் கீறிய எண், இரண்டையும் இரு பக்கத்துக்கும் எழுதிக்கொண்டு டிஸ்காக்ஸில் தேடுவதாக இப்போது போய்க்கொண்டிருக்கிறது. கீறிய எண்ணில் கைப்பழக்கத்தால் 1-ம் 7-ம் குழம்புகின்றன. சாய்ந்த ஒளியில் படம் எடுத்து, அந்தப் படத்தையும் சொந்த எண்ணின் பெயரிலேயே சேமித்து வருகிறேன்.