குறைவாக வந்ததை மட்டும் ஏன் நம்பினோம்?

“அப்ப போன ஸ்டேஷன்ல குறைவா வந்ததை மட்டும் ஏன் சார் நம்பினோம்? அதையும் இதே பம்ப்லதானே வடிச்சோம்?”

கப்பலில் என்னுடன் வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவன் கேட்டது. ஸ்டேஷன் என்பது கப்பலை நிறுத்தி நீர் எடுக்கும் இடம். அரபிக்கடலில், தென்மேற்குப் பருவமழை ஓயும் நேரத்தில். அப்போது ஒரு பதில் சொன்னேன். அது சரியான பதில் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

நாங்கள் அளந்துகொண்டிருந்தது டிஎம்எஸ், அதாவது டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயு. கடல் வாடையில் இதற்கும் பங்கு உண்டு. கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களான பிளாங்க்டன்களில் பல வகைகள் டிஎம்எஸ்பி என்ற கந்தகச் சேர்மத்தை உடலுக்குள் சேர்த்து வைத்திருக்கும். செல் செத்தாலோ, உடைந்தாலோ, வேறு உயிர் மேய்ந்தாலோ அது வெளியே வந்து டிஎம்எஸ் ஆகிறது. திறந்த கடலில் லிட்டருக்குச் சில நானோமோல்தான் இருக்கும். பிளாங்க்டன் பெருகிய இடத்தில் நூறைத் தாண்டுவதும் உண்டு.

அன்றைக்கு வந்த நீர் வாளியிலேயே பழுப்பாக இருந்தது. ஃபில்டர் தாளில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் வழவழவென்று ஒரு படலம் படிந்து அடைத்துக்கொண்டது. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, கீழே சொட்டு விழவில்லை. அவன் வெற்றிடத்தை, அதாவது பம்ப் இழுக்கும் விசையை, கூட்டினான். நைட்ரஜன் ஊதி, திரவ நைட்ரஜனில் குழாயை முக்கி வாயுவைப் பிடித்து, கருவியில் விட்டோம். கருவி வரையும் கோட்டின் முகடு, அதாவது பீக், திரையின் உச்சியில் முட்டி நின்றது. எங்கள் டிடெக்டரில் கந்தகம் இரண்டு மடங்கானால் பீக் ஏறக்குறைய நாலு மடங்காகும். அதனால் பயப்பட வேண்டாம் என்று, நீரின் அளவைக் குறைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். கணக்குப் போட்டால் முந்தைய ஸ்டேஷனைவிடப் பல மடங்கு.

“மூணு பாட்டில்லயும் ஒரே மாதிரிதான் சார் வருது” என்றான்.

ஒரே விதமாக வடித்த மூன்று பாட்டில்கள் ஒரே விதமாகத்தான் பொய் சொல்லும் என்றேன். வெற்றிடம் கூடினால் செல் தாளில் நசுங்கும், உள்ளே இருக்கும் டிஎம்எஸ்பி கொட்டிவிடும். இது நானாகக் கண்டுபிடித்த சந்தேகம் இல்லை. வழக்கமான முறையில் வடித்தால் கரைந்த டிஎம்எஸ்பி பொய்யாகக் கூடிவிடுகிறது என்று 2006-இல் கீனும் ஸ்லெசாக்கும் காட்டியிருந்தார்கள். சிறிதளவு நீரை, பம்ப் இல்லாமல் தானாகச் சொட்டவிட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன வழி. ஆனால் அது மெதுவான வேலை. டிஎம்எஸ் காத்திருக்காது. ஒரு பக்கம் பாக்டீரியா தின்னும், இன்னொரு பக்கம் காற்றில் போகும். வடிக்காமலே ஊதினால்? குமிழி அடித்தே செல் உடையும்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. “அங்க ஃபில்டர் அடைக்கலையே” என்றேன். அவன் தலையாட்டினான். இங்கே வந்த பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் ‘சந்தேகத்துக்குரியது’ என்று குறித்து, சராசரியில் சேர்க்காமல் விட்டோம்.

இதில் என்னை உறுத்துவது இதுதான். ஃபில்டர் எங்கே அடைக்கும்? பிளாங்க்டன் மண்டிக் கிடக்கும் இடத்தில். டிஎம்எஸ் அதிகம் இருக்க வேண்டியதும் பெரும்பாலும் அங்கேதான். அப்படியென்றால், அடைத்ததை எல்லாம் ஒதுக்கு என்ற என் விதி, கடலில் எது உண்மையிலேயே அதிகமோ அதையே தேடித்தேடி ஒதுக்குகிறது. எச்சரிக்கை என்று நான் நினைத்தது ஒரு பக்கமாகவே சாய்கிறது.

சரி, சேர்த்திருந்தால்? உலகக் கடல்களுக்கான டிஎம்எஸ் வரைபடத்தை 2011-இல் லானாவும் மற்றவர்களும் புதுப்பித்தபோது கையில் இருந்தவை சுமார் 47,000 அளவீடுகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 28 மில்லியன் டன் கந்தகம் கடலிலிருந்து காற்றுக்குப் போகிறது என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். இந்தியப் பெருங்கடலில் அளவீடு குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு பொய் எண் நுழைந்தால், சுற்றிலும் அளவீடே இல்லாத இடங்களுக்கும் அதுவே பரவிவிடும். கடலிலிருந்து போகும் இந்தக் கந்தகம்தான் மேகத்துளிகளுக்கு விதையாகி வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று 1987-இல் சார்ல்சன், லவ்லாக், ஆண்ட்ரே, வாரன் நால்வரும் சொன்னார்கள். அப்படி ஒரு கட்டுப்பாடு நடப்பதற்குச் சான்று போதாது என்று 2011-இல் குவின்னும் பேட்ஸும் மறுத்தார்கள். இவ்வளவு பெரிய வழக்கில் நசுங்கிய செல்லைச் சாட்சியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரி என்று தோன்றுகிறது. அவன் முகத்தை நினைத்தால் தோன்றவில்லை.

அதே ஸ்டேஷனில் பம்ப் இல்லாமல் ஒரு பாட்டில் வடித்துப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அதற்குள் கப்பல் நகர்ந்துவிட்டது. கப்பல் நேரம் எங்கள் கையில் இல்லை.

இப்போது ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் எவ்வளவு வெற்றிடம், எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்கிறோம், குறைவாக வந்தாலும்கூட. அவன் ஆய்வேட்டை எழுதும்போது, வேண்டுமானால் அந்த எண்ணையும் விளக்கத்தோடு சேர்த்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டதற்கு, “நீங்கதானே சார் கையெழுத்துப் போடணும்” என்றான்.

போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.