பேப்பர் அறிவிப்பும் எங்கள் ஊராட்சியின் ஆட்சேபனையும்

சென்னையை ஒட்டிய ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். 2021 அக்டோபர் தேர்தலில் வந்தவன். ஊர் பெயர் வேண்டாம், குன்றத்தூர் ஒன்றியம் என்பது போதும். எங்கள் ஏரிக்குக் கீழே இருக்கும் நஞ்சையில் ஒரு பெரிய பகுதியை விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்றித் தரச் சொல்லி ஒருவர் விண்ணப்பித்திருந்தார். மனை போடத்தான்.

இது ஊராட்சி கையில் இருக்கும் அதிகாரம் இல்லை. சென்னைப் பெருநகரத்துக்காக 2008-ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எந்த நிலம் எந்த உபயோகத்துக்கு என்று சர்வே எண் வரை குறித்திருக்கிறார்கள். அதைத் திருத்த வேண்டுமென்றால் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், 32(4) பிரிவுப்படி சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு முன் பேப்பரில் ஓர் அறிவிப்பு வரும், 21 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபனையோ ஆலோசனையோ எழுதலாம். அந்த அறிவிப்பு தீப்பெட்டி அளவுக்குத்தான் இருக்கும். எங்கள் ஊரில் அதைக் கண்ணில் பார்த்தவர் டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படிக்கும் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். அவர் வந்து சொல்லும்போதே சில நாள் ஓடிவிட்டது.

தலைவர் அம்மா சிறப்புக் கூட்டம் போட்டார். ஊர்க்காரர்களும் வந்து நின்றார்கள். விவசாயத்தை அழிக்கிறார்கள், வீடே வரக்கூடாது என்று சத்தம். சத்தம் போட்டவர்களில் பாதிப் பேர் இருக்கும் தெருவும் ஒரு காலத்தில் நெல் வயல்தான். 2016-ல் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவை ஐகோர்ட் நிறுத்தியபோது பதறி, அந்த மனைகளை முறைப்படுத்த மறு வருடம் வந்த வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டியவர்கள். அதை யாரும் பேசவில்லை. நிலத்துக்காரர் ஒருவர் மட்டும் எழுந்தார். “தம்பி, நடவுக்கு ஆள் கெடைக்கல. வெளஞ்சத எலி அறுக்குது. நீங்க பயிர் வைக்கிறதுன்னா சொல்லுங்க, குத்தகை வேணாம், சும்மாவே தர்றேன்.” கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

முதலில் எழுதிய தீர்மானம் ‘ஊர் மக்கள் கடும் எதிர்ப்பு தெரிவிக்கிறார்கள்’ என்ற பாணியில் இருந்தது. லே-அவுட் வரைபடம் போடும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். “இதுக்குப் பதில் எழுதவே தேவையில்லண்ணே, ஃபைல்ல வச்சு மூடிருவாங்க. எந்த சர்வே நம்பர்ல என்ன பிரச்சினைன்னு கேளுங்க” என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான்.

அப்புறம் ஊராட்சிச் செயலரும் நானும் நில விவரம் இருக்கும் ‘அ’ பதிவேடு, ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடமான எஃப்.எம்.பி. எல்லாவற்றையும் விரித்து உட்கார்ந்தோம். கிராம வரைபடத்துக்குத்தான் அலைச்சல். ஓர் அலுவலகத்தில் இல்லவே இல்லை என்றார்கள், இன்னோர் இடத்தில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதை வைத்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து இறங்கும் வாய்க்கால், மேல் பாதியில் தனி சர்வே எண்ணோடு புறம்போக்காக இருக்கிறது. விண்ணப்பதாரர் அந்த எண்ணை நேர்மையாகவே விட்டிருந்தார். கீழ் பாதிக்குத் தனி எண்ணே கிடையாது, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிறது. ஆவணப்படி அப்படி ஒரு வாய்க்கால் இல்லை, தண்ணீருக்கு மட்டும் தெரியும். 2015 டிசம்பரில் கலங்கல் வழிந்தபோது வெள்ளம் அந்த வழியாகத்தான் அடையாற்றுப் பக்கம் போனது. அப்போது பையன்கள் செல்போனில் எடுத்த படங்களைத் தேடிப் பிடித்தோம். வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டி வேலை பார்த்த ஒரு பெரியவர் வரப்பு வரப்பாக நடந்து காட்டியதை எஃப்.எம்.பி. நகலில் சிவப்பு மையால் குறித்தோம்.

புதுத் தீர்மானத்தில் வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கீழ் வாய்க்காலை மேலே இருக்கும் அதே அகலத்துக்கு விட்டுவிட்டு மிச்சத்தை மாற்றலாம், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் லே-அவுட் கொடுக்கக் கூடாது என்று கேட்டோம். பூங்கா இடத்தைப் பற்றியும் ஒரு பாரா. 10,000 சதுர மீட்டருக்கு மேல் போகும் லே-அவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பொதுவாக மனையாக விற்காத பள்ள மூலையைத்தான் நம் தலையில் கட்டுவார்கள். அதனால் எங்கே தர வேண்டும் என்றும் எழுதினோம். சமுதாயக் கூடம் கட்டித் தரச் சொல்லலாம் என்று ஓர் உறுப்பினர் பிடிவாதம் பிடித்தார். அதைச் சேர்த்தால் ஏதோ பேரம் பேசுகிறோம் என்று ஆகிவிடும் என்று விட்டுவிட்டோம். அவருக்கு இன்னும் வருத்தம்.

சி.எம்.டி.ஏ. அலுவலகம் இருக்கும் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். கலெக்டருக்கும் நீர்வளத் துறைக்கும் பிரதி. பல மாதம் சத்தமே இல்லை. பிறகு ஒருநாள் இடத்தைப் பார்க்க வந்தார்கள். சிவப்புக் கோடு போட்ட நகல் அவர்கள் ஃபைலில் இருந்தது. பெரியவரை மறுபடி நடக்க வைத்தோம்.

கடைசியில் உபயோக மாற்றம் கிடைத்தது. ஆனால் கீழ் வாய்க்காலுக்கான நிலம் கழிக்கப்பட்டு, தடையின்மைச் சான்று நிபந்தனையோடு. விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று ஊரில் சிலர் இன்னும் பேசுகிறார்கள். நிலத்தை விற்றவர்கள் எதுவும் பேசவில்லை. பூங்காவைப் பற்றி நாங்கள் எழுதியதற்குப் பதில் இல்லை, அது லே-அவுட் கட்டத்தில் பார்க்க வேண்டியது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள்.

2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை வந்தது. இதுவரை சி.எம்.டி.ஏ. பக்கமே போகாத ஊராட்சிகளுக்கும் இந்த வேலை வரும். மூன்றாம் முழுமைத் திட்டமும் தயாராகிறது. நாங்கள் ஊரில் மிச்சமிருக்கும் எண் இல்லாத வாய்க்கால்களையும் அதே பெரியவரை வைத்து வரைபடத்தில் குறித்துக்கொண்டிருக்கிறோம். வடக்குப் பக்கம் மட்டும் பாக்கி.